பாவாடை நாடாவின் தடத்தில் ஒரு கருப்புப் பொருக்கு: உண்ணிக் காய்ச்சலும் அது விட்டுச்செல்லும் அசதியும்

சித்திக்குக் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய வீடு. மழை விட்டு மூன்று வாரம் இருக்கும். முதலில் போன கிளினிக்கில் ஒரு ஊசி போட்டு மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாவது இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டைபாய்டு என்றார்கள். தட்டணுக்களும் குறைந்திருந்ததால் டெங்குவாகவும் இருக்கலாம் என்றார்கள். நான்கு நாள் குளுக்கோஸோடு ஊசி மருந்து ஏறியது. காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. பேசும்போதே மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே இரவுப் பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர் சீட்டுகளை எல்லாம் புரட்டிப் பார்த்தார். பிறகு திரையை இழுத்துவிட்டு, “அம்மா, நாடாவைக் கொஞ்சம் தளர்த்துங்கள், இடுப்பைப் பார்க்க வேண்டும்” என்றார். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டும் தடத்தில், இடது பக்கமாக, மிளகைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கருப்புப் பொருக்கு. அதைச் சுற்றிச் சிவந்த ஒரு வளையம். பீடி நெருப்பால் சுட்டது போல இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே சித்திக்குத் தெரியாது. அது வலிக்கவும் இல்லை, அரிக்கவும் இல்லை. பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்றிரவே டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தொடங்கினார்கள். இரண்டாம் நாள் மாலை உடம்பு வியர்த்துக் காய்ச்சல் விட்டது.

ஒன்பது நாளும் ஒருவர்கூட அந்த இடத்தைப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சித்திக்கு வந்தது ஸ்க்ரப் டைபஸ். தமிழ்ச் செய்தித்தாள்களில் இதற்கு உண்ணிக் காய்ச்சல் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் நாயின் காதுமடலிலும் மாட்டின் வாலடியிலும் மொச்சைக்கொட்டை போல உப்பித் தொங்கும் உண்ணிதான் நம் நினைவுக்கு வரும். “நம் வீட்டில் நாயே கிடையாதே டாக்டர்” என்று சித்தப்பாவும் கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை, பெயர்தான் குழப்புகிறது. ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது நாம் அறிந்த அந்த உண்ணி அல்ல. உண்ணிக்கும் சிலந்திக்கும் உறவான மைட் என்ற மிகச் சிறிய உயிரி. அதிலும் அதன் குஞ்சுப் பருவம் மட்டுமே மனிதரைக் கடிக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் அதன் அளவு. ஆறு கால் இருக்கும். வெறும் கண்ணுக்குப் புலப்படுவது அரிது.

இந்தக் குஞ்சு தன் வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் உயிருள்ள உடம்பில் வாய் வைக்கிறது. புல்லிலும் புதர் அடியிலும் காத்திருந்து, வழக்கமாக எலியின்மீதோ பெருச்சாளியின்மீதோ ஏறும். அந்த வழியாக மனிதர் போனால் மனிதர்மீது ஏறும். ஏறிய இடத்திலேயே கடிக்காது. துணி இறுக்கமாக உடம்போடு ஒட்டும் இடம் வரை ஊர்ந்து போகும். நாடாத் தடம், அக்குள், மார்பின் கீழ்மடிப்பு, தொடை இடுக்கு, ஆண்களுக்கு விரைப்பை. அங்கே தோலைக் கரைத்துத் திசுநீரை உறிஞ்சும், ரத்தம் குடிப்பதில்லை. நோயை உண்டாக்கும் பாக்டீரியா தாய் மைட்டிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடுகிறது. ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்பது அந்தப் பாக்டீரியாவின் பெயர். ஜப்பானிய மொழியில் முஷி என்றால் பூச்சி, சுட்சுகா என்றால் நோய் அல்லது தீங்கு. ஜப்பானில் ஆற்றங்கரை வயல்களில் வேலை செய்தவர்களுக்கு இது பழைய எதிரி. இரண்டாம் உலகப்போரில் பர்மா எல்லையில் கிடந்த சிப்பாய்களையும் இது விட்டுவைக்கவில்லை.

நாய் உண்ணி பரப்பும் நோய் வேறு. அதை இந்திய உண்ணி டைபஸ் என்பார்கள். பாக்டீரியாவின் பெயர் ரிக்கெட்சியா கொனோரி. பழுப்பு நிற நாய் உண்ணிக்குக் காடு தேவையில்லை. நாய் படுக்கும் சாக்கு, திண்ணை இடுக்கு, சுவர் வெடிப்பு போதும். முட்டையிலிருந்து முதிர்ச்சி வரை வீட்டுக்குள்ளேயே வாழ்ந்துவிடும். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் சந்து வீடுகளில் சுவரில் உண்ணி ஏறிப் போவதைப் பார்க்காதவர்கள் குறைவு. அதன் கடியால் வரும் காய்ச்சலில் சில நாளில் உடம்பெங்கும் சிவந்த புள்ளிகள் தோன்றும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட வரும் என்பது கவனிக்க வேண்டிய அடையாளம். அதே நாய் உண்ணி பரப்பும் இன்னொரு பாக்டீரியா எர்லிக்கியா. நாய் சோறு உண்ணாமல் சுருண்டு படுத்து மூக்கில் ரத்தம் வடிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு நாயைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் பலருக்கு ‘டிக் ஃபீவர்’ என்ற சொல் பழக்கம். அங்கே கால்நடை மருத்துவர் முதலில் நாயின் காதைத் திருப்பிப் பார்ப்பார், பிறகு ரத்தத்தைச் சோதிப்பார், டாக்ஸிசைக்ளின் எழுதுவார். நாய்க்குச் சொறிந்து தேடிப் பார்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது, மனிதருக்கு இல்லை.

ஸ்க்ரப் என்றால் புதர்க்காடு. அதனால் இது காட்டு நோய், கிராமத்து நோய் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்துக் கிராமங்களில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2025-இல் வெளிவந்தது. காய்ச்சலால் மருத்துவமனையில் சேர்பவர்களிடம் இந்த நோய்க்குப் பெரிய பங்கு இருப்பதை அது காட்டியது. கிராமத்தைப் பற்றிய எண்ணம் சரிதான். நகரத்தைப் பற்றிய எண்ணம்தான் தவறு. அதே 2025 ஜனவரியில் தமிழகப் பொதுச் சுகாதாரத் துறை ஸ்க்ரப் டைபஸ் குறித்து வெளியிட்ட எச்சரிக்கையில் நோய் காணப்படும் மாவட்டங்களில் சென்னையும் இருந்தது.

வடசென்னையைச் சுற்றி நடந்தால் காரணம் புரியும். மைட்டுக்கு வேண்டியவை மூன்று: ஈரம், புதர், எலி. பக்கிங்காம் கால்வாய்க் கரையும் கேப்டன் காட்டன் கால்வாய்க் கரையும் மழைக்குப் பின் இடுப்பளவு செடி மண்டிக் கிடக்கும். சரக்கு ரயில் நிற்கும் இடங்களில் சிந்தும் தானியத்துக்குப் பெருச்சாளி வரும். கொடுங்கையூர் குப்பைமேட்டைச் சுற்றியும், மணலி, எண்ணூர்ப் பக்கத்து வெற்று மனைகளிலும் சீமைக் கருவேலம் அடர்ந்திருக்கும். அந்தப் புதருக்குள் போகிறவர்கள் யார்? சுள்ளி பொறுக்கும் பெண்கள், கழிப்பறை இல்லாமல் ஒதுங்குபவர்கள், பந்தைத் தேடும் பிள்ளைகள், மழை விட்டதும் செடி வெட்ட அனுப்பப்படும் தூய்மைப் பணியாளர்கள், தண்டவாளம் பார்க்கும் தொழிலாளர்கள். சித்தி போனது ஆடு மேய்க்க. இரண்டே ஆடு, தண்டவாளத்தின் ஓரத்துப் புல். கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும் என்பதால், காய்ச்சல் வரும்போது புல்லின் நினைவே யாருக்கும் இருக்காது.

ஐப்பசி தொடங்கி மாசி வரை இதற்குக் காலம். டெங்குவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் அதே காலம்தான். முதல் வாரத்தில் டைபாய்டையும் சேர்த்து நான்கு நோயும் ஒரே முகத்தோடு வரும்: கடுங்காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, வாந்தி. தட்டணு குறைவது டெங்குவில் மட்டும் நடப்பதல்ல, இதிலும் குறையும். டைபஸ், டைபாய்டு என்ற பெயர் ஒற்றுமை வேறு சேர்ந்துகொள்கிறது. இரண்டுக்கும் பெயரைத் தவிர உறவு இல்லை. சிறிய பரிசோதனைக் கூடங்களில் டைபாய்டுக்கு எடுக்கும் விடால் பரிசோதனை நம்பகம் குறைந்தது, வேறு காய்ச்சலிலும் உண்டு என்று காட்டிவிடும். டைபஸுக்கு எடுக்கும் வீல்–ஃபீலிக்ஸ் பரிசோதனை 1916-இல் கண்டுபிடிக்கப்பட்டது. விலை குறைவு என்பதால் இன்றும் பிழைத்திருக்கிறது, ஆனால் நோய் இருப்பவர்களையே பல நேரம் தவறவிடும். ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். எலைசா பரிசோதனை அதைவிட நல்லது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. எதிர்ப்பொருள் ரத்தத்தில் உருவாக ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். நான்காம் நாள் எடுத்த பரிசோதனை ‘இல்லை’ என்றால் நோய் இல்லை என்று ஆகாது.

சித்திக்கு நடந்த தவறின் மையம் இங்கேதான் இருக்கிறது. டைபாய்டு என்று நினைத்து ஏற்றிய மருந்து செஃப்ட்ரையாக்சோன். நல்ல மருந்துதான். ஆனால் அந்த வகை மருந்துகள் பாக்டீரியாவின் வெளிச்சுவரைக் கட்டவிடாமல் தடுத்துக் கொல்பவை. ஓரியன்ஷியா நம் செல்லுக்கு உள்ளே புகுந்து குடியிருக்கும், அந்த மருந்து தாக்கும்படியான சுவரும் அதற்கு இல்லை. நான்கு நாள் அல்ல, நாற்பது நாள் ஏற்றினாலும் கேட்காது. டாக்ஸிசைக்ளின் செல்லுக்குள் நுழைந்து, பாக்டீரியா புரதம் செய்வதையே நிறுத்திவிடும். பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை. மாத்திரையின் விலை சில ரூபாய். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். முதல் வாரத்திலேயே தொடங்கினால் பெரும்பாலானோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் விடும். அப்படி விடுவதே நோய் இன்னது என்பதற்கு ஒரு சான்று. பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சரியான மருந்து கிடைக்காதவர்களில் நூற்றுக்கு 6 பேர் அளவில் இறந்திருக்கிறார்கள். மருந்து கிடைத்தவர்களில் அது 1.4 அளவுக்கு இறங்குகிறது.

நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவிய பின் ஒரு மருந்து போதாமல் போகலாம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி முன்னின்று இந்தியாவின் ஏழு மையங்களில் நடத்தி, 2023-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. கடுமையான ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றியபோது, தனித்தனியாக ஏற்றியதைவிட நல்ல பலன் கிடைத்தது. உலகம் முழுதும் மருத்துவர்கள் கவனிக்கும் முடிவு நம் ஊரிலிருந்து போயிருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அது ஒவ்வொரு தெரு கிளினிக்கின் மேசைக்கும் வந்து சேர வேண்டும் என்ற தவிப்பும் உண்டு.

மைட் கடித்த இடத்தில் உண்டாகும் அந்தக் கருப்புப் பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லை. வந்தாலும், கருத்த தோலில், மடிப்புக்குள், ஈரத்தில் ஊறிய இடத்தில் பொருக்காக இல்லாமல் வெறும் புண்ணாகத் தெரியும். நூறு பேர் வரிசையில் நிற்கும் காய்ச்சல் பிரிவில் ஆடையைத் தளர்த்திப் பார்க்க மறைவிடம் இல்லை, நேரம் இல்லை. ஆண் மருத்துவர் கேட்கத் தயங்குகிறார், நம் வீட்டுப் பெண்கள் சொல்லக் கூசுகிறார்கள். ஆகவே வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால், நல்ல வெளிச்சத்தில், மகளோ தங்கையோ துணைக்கு இருந்து, மார்பின் அடி, அக்குள், நாடாத் தடம், தொடை இடுக்கு, முதுகு, தலைமுடிக்குள்ளும் தேடிப் பாருங்கள். எதுவும் தென்படாவிட்டாலும், மருத்துவரிடம் புல்லுக்குள் போனதைச் சொல்லி, “உண்ணிக் காய்ச்சலாக இருக்குமா?” என்று கேளுங்கள். நிலவேம்புக் குடிநீரைக் குடித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், அது இந்தப் பாக்டீரியாவைக் கொல்லாது.

காய்ச்சல் விட்டது, வீட்டுக்கு வந்துவிட்டோம். கதை அத்தோடு முடியும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

சித்தி பதினைந்து படி ஏறினால் நடுவில் உட்கார்ந்தாள். அரிசி களையும் கை நடுங்கியது. காதுக்குள் ரயில் போய்க்கொண்டே இருக்கிறது என்றாள். நிஜ ரயில் போன பிறகும் அந்தச் சத்தம் ஓயவில்லை. மூன்றாம் மாதம் தலையில் சீப்பு வைத்தால் கொத்தாக முடி வந்தது. உலையில் என்ன போட்டோம் என்பது மறந்து போனது. ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருந்தது. “காய்ச்சல்தான் போய்விட்டதே, எழுந்து நாலு வேலை பார்த்தால் சரியாகிவிடும்” என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். ஒருநாள் சித்தி என்னிடம், “நான் நடிக்கிறேன் என்று நினைக்கிறார்கள்” என்றாள். காய்ச்சலில் அழாதவள் அன்று அழுதாள்.

அவள் நடிக்கவில்லை. இந்த வகைப் பாக்டீரியாக்கள் குடியேறும் இடம் ரத்தக் குழாய்களின் உட்சுவர். உடம்பில் ரத்தக் குழாய் இல்லாத உறுப்பு ஏது? அந்த உட்சுவர் வீங்கி ஒழுகும்போது நுரையீரலில் நீர் கோக்கிறது, மூளையில் அழற்சி உண்டாகிறது, செவி நரம்பு பாதிக்கப்படுகிறது. காது மந்தமும் இரைச்சலும் ஸ்க்ரப் டைபஸில் பலருக்கு வருவதுதான், பெரும்பாலும் மெல்லத் தேறும். கடுங்காய்ச்சலுக்குப் பின் இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டுவதும் தெரிந்ததே, அது மறுபடி முளைக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து மீண்டவர்களுக்குத் தசை வற்றிப் போயிருக்கும், நினைவு தடுமாறும், இரவில் பயம் வரும். பாக்டீரியா போன பின்னும் அது செய்த சேதத்தைச் சரிசெய்ய உடம்புக்கு மாதக்கணக்கில் ஆகிறது.

நோய் போன பின்னும் நீடிக்கும் இந்த அசதியை உலகம் அதிகம் பேசியது, உண்ணி பரப்பும் லைம் நோயை வைத்துத்தான். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊர். 1975-இல் அங்கே பிள்ளைகள் பலருக்கு ஒரே சமயத்தில் மூட்டு வீங்கியதைத் தாய்மார்கள்தான் முதலில் கவனித்துச் சொன்னார்கள். வில்லி பர்க்டார்ஃபர் என்ற விஞ்ஞானி உண்ணியின் குடலில் சுருள் வடிவப் பாக்டீரியாவைக் கண்டு 1982-இல் அறிவித்தார், அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். சரியான மருந்து முடித்த பின்னும் நூற்றில் 5 முதல் 10 பேருக்கு அசதி, மூட்டுவலி, மனமந்தம் மாதக்கணக்கில் நீடிக்கிறது. அதற்கு மருந்தை மாதக்கணக்கில் நீட்டிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 2001-இலும் நெதர்லாந்தில் 2016-இலும் வெளியான கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுகள் இரண்டும், நீண்ட ஆன்டிபயாடிக்கால் வெற்று மாத்திரையைவிடப் பலன் இல்லை என்றே காட்டின. நம் தெருநாயின்மேல் இருக்கும் பழுப்பு உண்ணி லைம் நோயைப் பரப்புவதல்ல. இணையத்தில் லைம் நோய் பற்றிப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம்.

நமக்கு இன்னும் நெருங்கிய பாடம் க்யூ காய்ச்சலில் இருக்கிறது. 1930-களில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களிடம் முதலில் கண்டறியப்பட்ட நோய் இது. விலங்குகளிடையே இதைச் சுமப்பதில் உண்ணிக்குப் பங்குண்டு. மனிதருக்குப் பெரும்பாலும் ஆடு மாடுகளின் பேறுகாலக் கழிவு கலந்த தூசியைச் சுவாசிப்பதால் வருகிறது. நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை ஆட்டுப் பண்ணைகளிலிருந்து பரவி 4,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. அவர்களில் பலருக்கு அசதி ஆண்டுக்கணக்கில் நின்றது. அங்கே நடந்த ஆய்விலும் டாக்ஸிசைக்ளினை நீட்டிக் கொடுத்ததில் பலனில்லை. எதை எப்போது செய்வது, எப்போது நிறுத்துவது என்று படிப்படியாகப் பழக்கும் உளவியல் பயிற்சி ஓரளவு உதவியது, அதுவும் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது நிலைக்கவில்லை. இந்த அசதிக்கு மாத்திரை கையில் இல்லை என்பதே இன்றைய நிலை.

ஆகவே மிச்சமிருக்கும் சோர்வுக்கு மருந்துக்கடையில் மறுபடி மறுபடி ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவது வயிற்றைக் கெடுக்குமே தவிர வேறு எதுவும் செய்யாது. அதற்காக ஒன்றும் செய்ய வேண்டாம் என்றும் பொருள் இல்லை. ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு, பி12 குறைவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும், இவை எல்லாம் திருத்தக் கூடியவை. எடை குறைந்து, மாலையில் மெல்லிய காய்ச்சல் வந்து, இருமலும் இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை கட்டாயம். நெருக்கமான வீடுகள் கொண்ட நம் பகுதியில் அதை ‘பழைய காய்ச்சலின் மிச்சம்’ என்று தள்ளிவிடுவது ஆபத்து. காது மந்தத்துக்குக் கேட்கும் திறன் பரிசோதனை இருக்கிறது. நடையை நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டலாம், ஒருநாள் நன்றாக இருக்கிறதே என்று ஒரு வாரத்து வேலையை அன்றே செய்தால் மறுநாள் படுக்கைதான். சித்திக்கு நாங்கள் செய்த பெரிய உதவி, தண்ணீர்க் குடத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டது.

தடுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தடுப்பூசி கிடையாது. புல்லில் உட்காராதீர்கள், துணியைப் புதர்மேல் காயப்போடாதீர்கள், செடி வெட்டிவிட்டு வந்ததும் உடுத்தியதைச் சுடுநீரில் போட்டு உடம்பைத் தேய்த்துக் குளியுங்கள். நாய் உண்ணி உடம்பில் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றவோ கொள்ளி வைக்கவோ வேண்டாம். மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தால் வந்துவிடும். நகத்தால் நசுக்காதீர்கள்.

இன்னொன்று: ஒருமுறை வந்தால் மறுமுறை வராது என்ற உறுதி இதில் இல்லை. ஓரியன்ஷியாவில் பல ரகம் உண்டு, ஒன்றுக்கு உண்டான எதிர்ப்பு மற்றதைத் தடுக்காது.

சித்திக்குத் தெளிய ஏழு மாதம் ஆனது. காதிரைச்சல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மறு கார்த்திகையில் மீண்டும் காய்ச்சல் அடித்தது. யாரும் சொல்லும் முன்பே அவள் அறைக்கதவைச் சாத்தி, கைப்பேசி விளக்கைப் பொருத்தி, மகளை அருகில் வைத்துக்கொண்டு உடம்பு முழுதும் தேடினாள். பொருக்கு இல்லை. இரண்டாம் நாளே ஆஸ்பத்திரிக்குப் போய், “போன வருஷம் எனக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது டாக்டர், அதையும் சேர்த்துப் பாருங்கள்” என்றாள். பார்த்தார்கள். இந்த முறை டெங்கு.